அக்கா புருஷனிடம் முடியாது என்றவள்

சிப்போராவின் வலது கால் எப்படிப் போனது என்று விமானத்தில் வந்திறங்கும் வெளியூர்க்காரர்கள் கேட்டால், அன்றைய கிழமையைப் பார்த்துத்தான் அவள் பதில் சொல்வாள். திங்கள் என்றால் முதலை. செவ்வாயும் புதனும் சுறா. ஒரு வியாழக்கிழமை அவளுக்குச் சோம்பலாக இருந்தது போலும், ஒன்றும் சொல்லாமல் கடலைப் பார்த்துப் பெருமூச்சு மட்டும் விட்டாள். அந்தக் குடும்பம் மெல்போர்ன் போய்ச் சேர்ந்ததும் அவளுக்கு ஆறுதல் சொல்லி ஒரு அட்டை அனுப்பியது. அதைச் சரக்கு அறைச் சுவரில் இன்னும் ஒட்டி வைத்திருக்கிறாள்.

உண்மை அவ்வளவு கம்பீரமானதல்ல. அவள் காலை வாங்கியது உறைந்த கோழி இறக்கைகள். பத்தொன்பது வயதில், அரோபித் தீவின் படகுத்துறையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது, தூக்கு வண்டியின் மேலிருந்து ஓர் அடுக்குப் பெட்டி சரிந்து அவள் பாதத்தின்மேல் விழுந்தது. கல்லாக உறைந்த இருநூறு கிலோ. பாதம் நசுங்கியது, பிறகு சீழ் பிடித்தது. கடல் தாண்டிக் கெயின்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே எடுத்துவிட்டார்கள். அன்று தூக்கு வண்டியை ஓட்டியவர் என் சித்தப்பா பெத்துவேல்.

இந்தப் பதின்மூன்று வருடங்களில் சித்தப்பா ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேலிதான் செய்வார்.

"கோழி எவ்ளோ நியாயமானது பாருங்க. காலை வாங்கிக்கிட்டு இறக்கையைக் குடுத்துடுச்சு."

"வண்டி ஓட்டினவரும் அவ்ளோ நியாயமா இருந்திருந்தா நான் இன்னைக்கு ரெண்டு செருப்பும் வாங்கியிருப்பேன் சித்தப்பா."

"ஒரு செருப்பு மிச்சம்தானே. சந்தோஷப்படு."

இருவரும் இதை எத்தனையோ தடவை பேசியிருப்பார்கள். ஒரு சொல்கூட மாறாது. சித்தப்பா அதைச் சொல்லாத நாளில்தான் அவருக்கு உடம்புக்கு என்னவோ என்று எங்களுக்குக் கவலை வரும்.

சிப்போரா என் பெரியம்மா மகள். காலை எடுக்க அவளைக் கெயின்ஸுக்குக் கொண்டுபோன அந்த மருத்துவ விமானத்தில்தான் பைலட் ஆகும் எண்ணம் அவளுக்கு வந்தது. உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. தூக்குப்படுக்கையில் கட்டிவைக்கப்பட்டிருந்தவளுக்குத் தலையைத் திருப்பினால் தெரிந்தது பைலட்டின் பாதங்கள் மட்டும்தான். இரண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு போனாள்.

"அந்த ஆளோட கால் அசையவே இல்லடி லோயி," என்று பின்னால் என்னிடம் சொன்னாள். "ஏறும்போது வலது கால்ல ஒரு அழுத்து. அப்புறம் சும்மா. இதுக்கு ரெண்டு கால் எதுக்குன்னு எனக்குத் தோணிச்சு. நிறைய மருந்து குடுத்திருந்தாங்க, அதுவும் ஒரு காரணம்."

மருந்து இறங்கியபிறகும் எண்ணம் இறங்கவில்லை. ஹார்ன் தீவு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலையில் சேர்ந்தாள். ஆறு வருடம் சம்பளத்தைச் சேர்த்து, கெயின்ஸில் போய்ப் பறக்கக் கற்று, சொந்தப் பயணத்துக்கு ஓட்டலாம் என்ற உரிமம் வாங்கினாள். தொழிலாக ஓட்டுவதற்கான பரீட்சைகள் ஏழையும் எழுதினாள். ஒன்றில் மட்டும் இரண்டு தடவை தோற்றாள். கால் சம்பந்தப்பட்டது இல்லை, சட்டம். அவள் வேலை பார்த்த விமானக் கம்பெனியின் முதலாளி, பயணிகளை ஏற்றிப் பறப்பதற்கான மருத்துவச் சான்று கையில் வந்த மறுநாளே உனக்கு இருக்கை என்று சொல்லியிருந்தார். அந்தச் சான்றுதான் வரவில்லை. தெற்கே எங்கோ இருக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் மேல் கடிதம் வந்தது. முதலில் டாக்டர் அறிக்கை கேட்டார்கள். பிறகு செயற்கைக் கால் செய்தவரின் அறிக்கை. பிறகு காலின் புகைப்படம்.

"எந்தக் காலோட போட்டோன்னு கேளு," என்றார் சித்தப்பா. "இருக்கிறதா, இல்லாததா?"

கடைசியில் வந்த கடிதத்தில், ஒரு சோதனை அதிகாரியோடு பறந்து காட்ட வேண்டும் என்று இருந்தது. பதினொரு காரியங்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள். அதில் தேறினால் சான்று. தேறாவிட்டால் இனி விண்ணப்பிக்க வேண்டாம் என்பதை மிகவும் மரியாதையான மொழியில் எழுதியிருந்தார்கள்.

எங்கள் தீவுகளுக்குப் போகும் சின்ன விமானங்களுக்கு ஒரு குணம் உண்டு. எஞ்சினை முழுவேகத்தில் முடுக்கினால் மூக்கு இடதுபக்கம் இழுக்கும். வலது மிதியை அழுத்தி அதை நேராக்க வேண்டும். அதாவது சிப்போராவிடம் இல்லாத காலைத்தான் விமானம் கேட்கும். எவ்வளவு அழுத்துகிறோம் என்று உள்ளங்காலில் தெரிய வேண்டும், அவளுக்கு உள்ளங்கால் இல்லை. இதற்கு அவள் கண்டுபிடித்த வழியில்தான் நான் உள்ளே வருகிறேன்.

நான் டவுன்ஸ்வில் போய்ப் பட்டம் வாங்கிவந்தவள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்பதால் அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அந்தப் பட்டத்தோடு நான் செய்வது விமான நிலைய மேசையில் ஆட்களை எடை போடுவது. எங்கள் விமானங்களில் ஆளும் ஏற வேண்டும் தராசில், அரிசி மூட்டையும் ஏற வேண்டும். எல்லோர் முன்னாலும் எடையைப் பார்த்து எழுத வேண்டும். கடைசி விமானம் போனதும் சிப்போரா அந்தத் தராசைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, செயற்கைப் பாதத்தால் அழுத்துவாள். நான் எண்ணை வாசிக்க வேண்டும்.

"இருபது," என்பாள் கண்ணை மூடிக்கொண்டு.

"இருபத்தி ஏழு."

"இப்போ?"

"பதினாறு."

இரண்டு மாதம் இப்படிப் போனது. மெல்ல மெல்ல முழங்காலுக்குக் கீழே இருக்கிற அந்த மிச்சம் எண்ணிக்கை கற்றுக்கொண்டது. இருபது என்றால் இருபது. முப்பத்தைந்து என்றால் முப்பத்தைந்து. என்ன செய்கிறோம், எதற்காகச் செய்கிறோம் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒருத்தியை எதிரே உட்காரவைத்து எண்களை வாசிப்பது எனக்குச் சில நாள் சங்கடமாக இருக்கும். என்னைக் கண்ணை மூடிக்கொண்டு எதை அழுத்தச் சொன்னாலும் எனக்கு ஒரு எண்ணும் தோன்றாது.

ஜூலை மாதத்தில் சோதனை அதிகாரி வந்தார். நெவில் ஹார்ட்விக் என்று பெயர், அறுபது வயதிருக்கும், முழங்கால்வரை வெள்ளைக் காலுறை. பிற்பகல் முழுக்கச் சிப்போரா அவரோடு விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "நெவில், இதைப் பாருங்க. நெவில், பிரேக்கை நான் இப்படித்தான் மிதிப்பேன், குதிகாலைத் தூக்கி மேல நகர்த்தி." அவர் ஒவ்வொன்றையும் ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எல்லாம் நன்றாகவே போயிருக்கும், இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா அவரைக் கூப்பிடாமல் இருந்திருந்தால்.

அம்மாவின் பெயர் கெத்சியாள். விருந்தாளியை விடுதிச் சாப்பாட்டுக்கு விட்டுவிடுவது அவளால் தாங்க முடியாதது. சோயாவும் சேமியாவும் போட்ட சேமூர் கோழி, தேங்காய்ப்பாலில் வெந்த கிழங்கு, எலுமிச்சையில் ஊறிய பச்சை மீன், ஒரு மலை சோறு. இவையெல்லாம் மேசைக்கு வந்ததும் அம்மா தன் வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டாள்.

"உங்க வீட்டம்மாவுக்கு எந்த ஊரு?"

"கெயின்ஸ்லதான் இருக்கா. ஆனா பிறந்தது இந்தப் பக்கம்தான்," என்றார் அவர். "நோர்மான்னு பேரு. அவ அப்பா முத்துக்குளிக்கிற படகுல இருந்தவர்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த நோர்மா? கன்னத்துல மச்சம் உள்ள நோர்மாவா?"

"ஆமா."

அதற்கப்புறம் பத்து நிமிடம் அம்மா விரல்விட்டு எண்ணினாள். நோர்மாவின் பாட்டனாரும் என் பாட்டனாரும் ஒருவழியில் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. ஆகையால் நோர்மாவின் அம்மா என் அம்மாவுக்கு அக்கா முறை. ஆகையால் நோர்மா எங்களுக்கு அக்கா. எண்ணி முடித்தவள் ஏதோ சாதித்துவிட்டவள்போல நிமிர்ந்தாள். பிறகுதான் அவளுக்கே உறைத்தது, முகம் விழுந்துவிட்டது.

வேறு ஊர்களில் அக்கா புருஷனைக் கேலி செய்வது மச்சினிகளின் உரிமை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் தீவுகளில் நேர்மாறு. அக்கா புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் ஒன்று கேட்டால் இல்லை, முடியாது என்று சொல்லவே கூடாது. மருமகன் முறைக்கு வந்துவிட்டதால் அம்மாவும் அவரோடு நேராகப் பேச முடியாது. சித்தப்பா அப்பா வழி, அவரை இந்த முறை கட்டாது. அதனால் அம்மா பக்கத்தில் இருந்த சித்தப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளுங்க."

சித்தப்பாவுக்கு அன்று பிறந்தநாள் வந்த மாதிரி. "உங்க மாமியார் கேக்கச் சொன்னாங்க, சோறு வேணுமா?"

நெவில் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "போதும்னு சொல்லுங்க," என்றார்.

சிப்போரா தட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாற்காலியை அரை அடி தள்ளிப்போட்டுக்கொண்டது எனக்கு மட்டும் தெரிந்தது. பகல் முழுக்க நெவில், நெவில் என்று கூப்பிட்டவள் அதற்கப்புறம் ஒரு சொல் பேசவில்லை. அவர் விடைபெற்றுப் போனதும் அம்மாவைப் பார்த்தாள்.

"சின்னம்மா, இதை நாளைக்கு மத்தியானத்துக்கு மேல விசாரிச்சிருக்கக் கூடாதா?"

"எனக்கு என்ன தெரியும்டி? வெள்ளைக்காரர், நமக்கு எங்க முறை வரப்போகுதுன்னு நினைச்சுத்தானே கேட்டேன்."

"காலையில தலையைக் குனிஞ்சுக்கிட்டே விமானம் ஓட்டு," என்றார் சித்தப்பா. "மிதி எங்க இருக்குன்னு நல்லாத் தெரியும்."

மறுநாள் காலை தென்கிழக்குக் காற்று பலமாக இருந்தது. பட்டியலில் ஒன்பதாவது காரியம், செயற்கைக் காலைக் கழற்றிய நிலையில் விமானத்திலிருந்து வெளியேறி ஒரு பயணிக்கும் உதவுவது. அந்தப் பயணி நான். என்னை நானே தராசில் ஏற்றி எண்பத்தொன்று என்று எழுதிக்கொண்டேன்.

"பட்டத்தோட எடையையும் சேத்துதானே?" என்று சித்தப்பா வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து கேட்டார்.

முன்னால் இடப்பக்கம் சிப்போரா, வலப்பக்கம் நெவில், பின்னால் நான். மூவருக்கும் ஹெட்செட். முதல் பத்துக் காரியங்களும் சுலபமாக முடிந்தன. ஏறும்போது வலது மிதியில் அவள் கால் போய் உட்கார்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன், மூக்கு ஒரு விரல்கூட நகரவில்லை. அரோபியில் குறுக்குக் காற்றில் இறக்கினாள், தரையில் நிற்கும்போது என்னை வெளியே இழுத்துப் போட்டாள். ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டே என்னைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததை உதவி என்று பட்டியலில் குறித்துக்கொண்டார் அவர். அவர் எது சொன்னாலும் சிப்போரா முன்கண்ணாடியைப் பார்த்தே "சரி" என்றாள். பெயரைச் சொல்லவில்லை. பதினோராவது, எஞ்சின் நின்றதுபோலப் பாவித்துக் காட்டுவது. அதுவும் ஆனது. திரும்பி ஹார்ன் போக வேண்டியதுதான்.

அப்போது அவர் கீழே கைகாட்டினார். தாவித் தீவு. சின்னத் தீவு, குட்டையான ஓடுதளம், இரண்டு முனையிலும் கடல்.

"அங்க இறக்குங்க," என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். ஓடுதளத்துக்கு நேர் குறுக்காகக் காற்று. கம்பத்தில் காற்றின் வேகத்தைக் காட்டும் காற்றுப்பை இஸ்திரி போட்ட மாதிரி விறைப்பாகக் கிடையாக நின்றது. ஒவ்வொரு விமானத்துக்கும் குறுக்குக் காற்றுக்கு ஒரு எல்லை புத்தகத்தில் எழுதியிருக்கும். பை அப்படி நின்றால் அந்த எல்லை தாண்டிவிட்டது என்று எடை எழுதுகிற எனக்கே தெரியும். இரண்டு கால் உள்ள எந்த பைலட்டும் அங்கே இறக்க மாட்டார்கள்.

ஹெட்செட்டில் சிப்போராவின் குரல் வந்தது.

"லோயி."

"என்னக்கா?"

"தாவியில இன்னைக்குக் காத்து எப்படி இருக்குன்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"இந்த மாதிரி காத்துல அங்க இறங்குறது சரியில்லன்னு சில பேர் நினைப்பாங்கல்ல?"

"நினைப்பாங்கக்கா."

நெவில் திரும்பாமலே கேட்டார்: "யார் அந்தச் சில பேர்?"

நான் குனிந்து என் இருக்கைப் பட்டையைச் சரிசெய்தேன்.

"பின்னாடி இருக்கிறவங்க சுமை," என்றார். "சுமைகிட்ட யோசனை கேக்காதீங்க. தாவியில இறக்குங்க."

"சரி," என்றாள் சிப்போரா.

விமானத்தைத் திருப்பினாள். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இருந்தும் நாங்கள் மூவரும் அந்தத் துண்டு நிலத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம், ஒருவர் எங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டார் என்பதற்காக. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் எனக்கும் அக்கா புருஷன்தான். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். டவுன்ஸ்வில்லில் மூன்று வருடம் நான் எழுதிய கட்டுரைகளில் அதிகாரத்தைக் கேள்வி கேட்பது பற்றி நல்ல மதிப்பெண் வாங்கியது ஒன்று உண்டு.

விமானம் பக்கவாட்டில் நடுங்கியது. ஓடுதளம் முன்கண்ணாடியில் இல்லை, பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. நண்டுபோலச் சாய்ந்து இறங்கினோம். தென்னைகளின் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருந்தன.

"என்ன பண்றீங்க?" என்றார் நெவில்.

"இறக்குறேன்."

"இறங்குமா?"

அவள் கழுத்தின் பின்புறம் வியர்வை ஓடுவதைப் பார்த்தேன். பிறகு அவள் தலையைத் திருப்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

"இறங்காது நெவில். முடியாது. நான் இறக்க மாட்டேன்."

சொன்ன கையோடு எஞ்சினை முழுவேகத்துக்கு முடுக்கினாள். மூக்கு இடதுபக்கம் பாயப் பார்த்தது. வலது மிதி தரைவரை போனதைக் கண்டேன், முப்பத்தைந்து, நாற்பது என்று மனத்துக்குள் வாசித்தேன். தென்னைகள் கீழே போயின. விமானம் நேராக, கோடு போட்ட மாதிரி ஏறியது.

ஹார்னில் இறங்கியதும் அவர் பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தார். சிப்போரா இறக்கையின் நிழலில் உட்கார்ந்து காலைக் கழற்றிக் கவிழ்த்தாள். அரை தம்ளர் வியர்வை கொட்டியது.

"பேரையும் சொல்லிட்டேன்டி," என்றாள். "ஒரே மூச்சில எல்லாத்தையும் உடைச்சுட்டேன்."

"சான்று குடுப்பாரா?"

"அது அப்புறம். முதல்ல சின்னம்மாகிட்ட சொல்லணும்."

அம்மாவுக்குப் போனில் சொன்னேன். அம்மா பைலட் சான்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருமகன் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லியாகிவிட்டது, அந்தக் குற்றத்துக்கு ஈடு கொடுத்தாக வேண்டும், அதுவும் அவர் தீவைவிட்டுப் போவதற்குள். இருபது நிமிடத்தில் சித்தப்பாவின் வண்டியில் வந்து இறங்கினாள். ஒரு நல்ல பாய், ஒரு வாழைத்தார், நாலு பெரிய கிழங்கு. கதவைத் தட்டி, தலையைத் திருப்பிக்கொண்டு, எல்லாவற்றையும் அவர் மேசைமேல் அவர் எழுதிக்கொண்டிருந்த தாளின் மேலேயே வைத்தாள்.

நெவில் எழுந்து பின்வாங்கிச் சுவரோடு நின்றார். "இதை எடுத்துட்டுப் போங்க. நான் இன்னும் கையெழுத்துப் போடல. இதை வாங்கினா லஞ்சம்."

அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். "வேண்டாங்கிறாரா?"

"வேண்டாங்கிறாரு," என்றார் சித்தப்பா மகிழ்ச்சியாக. "இப்ப குத்தம் அவர்மேல வந்துடுச்சு. அவர்தான் நமக்குப் பாய் தரணும்."

நெவில் கெயின்ஸுக்குப் போன் போட்டார். நோர்மா அக்காவின் குரல் வராந்தாவரை கேட்டது. அவர் நடுவில் மூன்று தடவை "ஆமா" என்றும் ஒரு தடவை "தெரியாம இல்ல, தெரியும்" என்றும் சொன்னார். போனை வைத்துவிட்டு, வாழைத்தாரை நகர்த்தி, அதன் கீழிருந்த தாளை உருவினார். எங்கள் எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போட்டார். மேலே நேரத்தையும் எழுதினார், பதினொன்று நாற்பத்திரண்டு. அதற்கப்புறம்தான் பாயைத் தொட்டார்.

"பதினோரு காரியத்திலயும் தேறியாச்சு," என்றார் சிப்போராவிடம். "பன்னெண்டாவது என் சொந்தக் கேள்வி. பட்டியல்ல இல்ல. கால் ரெண்டும் உள்ளவங்ககிட்டயும் அதைத்தான் கேப்பேன். முதலாளி சொன்னாலும் சொந்தக்காரங்க சொன்னாலும் முடியாதுன்னு சொல்லத் தெரியாத பைலட்டை நான் விடுறதில்ல."

சிப்போரா தரையைப் பார்த்துக்கொண்டே, "தாமதமாச் சொன்னேன்," என்றாள்.

"அஞ்சு விநாடி. இன்னும் அஞ்சு போயிருந்தா நானே கையில எடுத்திருப்பேன். அப்புறம் இந்தத் தாள் வேற மாதிரி இருந்திருக்கும்." பாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். "இருபத்தாறு வருஷமா நோர்மா பக்கத்து ஆளுங்க ஒருத்தர்கூட என்கிட்ட முடியாதுன்னு சொன்னதில்ல. முதல்ல எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும்னு நினைச்சேன்."

மத்தியான விமானத்துக்கு அவர் என் மேசைக்கு வந்தார். பையும் பாயும் தாரும் தராசில் ஏறின. கைச்சுமைக்கு அனுமதித்ததைவிட ஒன்பது கிலோ கூட. வரிசை பின்னால் நீண்டிருந்தது, விமானம் நிறைந்திருந்தது. அம்மா தூரத்திலிருந்து என்னைப் பார்த்து, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள். என் அக்கா அன்று காலைதான் வானத்தில் அதைச் செய்துகாட்டியிருந்தாள். நான் தரையில் இருந்தேன், எனக்கு ஒரே ஒரு சொல் போதும்.

"தராசு ஒன்பது கூடன்னு சொல்லுது," என்றேன் தராசைப் பார்த்து.

"தராசா?" என்றார் நெவில். "தராசு எனக்கு மச்சினி இல்லையே, அது தைரியமாச் சொல்லும். நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்குக் காது சூடானது. "பாதித் தாரை இங்கயே வச்சுட்டுப் போங்க," என்றேன். முடியாது என்ற சொல் அதில் இல்லை. ஆனால் பாதித் தார் இங்கேயே நின்றுவிட்டது. சரக்கு ஏற்றும் ஆட்கள் அதைத் தின்றார்கள்.

ஆறு வாரம் கழித்துச் சான்று வந்தது. பறக்கும்போது செயற்கைக் கால் அணிந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். சித்தப்பா அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்துவிட்டு, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவாள் என்று பயந்தார்களா என்று கேட்டார்.

செப்டம்பரில் சிப்போராவின் முதல் பயணிகள் விமானம், அரோபிக்கு. அங்கே ஒரு கல்லறைக்கல் திறப்பு, இறந்தவருக்குக் கல் நாட்டி ஊரே கூடி விருந்து சாப்பிடும் நாள், அதனால் ஐந்து பயணிகளும் உறவினர்கள், எல்லோர் கையிலும் விருந்துக்கான பொருட்கள். ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி எழுதினேன். கடைசியாகச் சித்தப்பா. எடை சரியாக எல்லையில் வந்து நின்றது. அப்புறம் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். உறைந்த கோழி இறக்கை, பன்னிரண்டு கிலோ.

"முடியாது சித்தப்பா," என்றாள் சிப்போரா. தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"பன்னெண்டு கிலோம்மா. உன் கால் மூணு கிலோ, அதைக் கழட்டி வச்சா..."

"முடியாது."

"நான் பெரியவன்."

"அதனாலதான் எடை கூடுது. முடியாது."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? ஒரு தடவை சொல்ல விட்டாங்க. இனிமே நிறுத்த மாட்டா."

பயணிகள் நடந்தார்கள். ஏணிக்குப் பக்கத்தில் சித்தப்பா நின்றுவிட்டார். சிப்போரா வந்து அவருடைய பையை வாங்கிக்கொண்டாள். நான் எண்ணிக்கை சரிபார்க்க அருகில் இருந்தேன்.

"இல்லாத அந்தக் காலு," என்றார் அவர், விமானத்தின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு. "இன்னும் வலிக்குமா?"

"மழைக்கு முன்னாடி கொஞ்சம்."

அவர் தலையாட்டினார். கேலி ஒன்றும் வரவில்லை. நான் பயந்தேபோனேன், உடம்புக்கு என்னவோ என்று.

"முன்னாடி உக்காருங்க சித்தப்பா. என் பக்கத்துல," என்றாள் சிப்போரா. "பெட்டி நாளைக்கு வரும். நானே இறக்குறேன். நீங்க வண்டிப் பக்கமே வராதீங்க."

"கோழி எவ்ளோ நியாயமானது பாருங்க," என்று ஆரம்பித்தார் அவர், ஏணியில் ஏறிக்கொண்டே.

கதவைச் சாத்தினார்கள். விமானம் ஓடுதளத்தின் முனைக்குப் போய்த் திரும்பி, முழுவேகம் எடுத்து, கொஞ்சமும் இடதுபக்கம் இழுபடாமல் ஏறியது. அது சின்னப் புள்ளியாகும்வரை பார்த்துவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்த கோழி இறக்கைப் பெட்டியைக் குளிர்பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு கையாலும், மிகவும் ஜாக்கிரதையாக, காலைத் தள்ளி வைத்துக்கொண்டு.